நாகவல்லி வைத்த டப்பா

ஓடிப்போனாள் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஓடுகிறவள் ஆள் அரவம் இல்லாத நேரமாகப் பார்த்து, பின்பக்கச் சந்து வழியாகப் போவாள். நாகவல்லி போனது வெள்ளிக்கிழமை பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு. கள்ளிக்குப்பத்தில் அந்தத் தெரு மொத்தமும் வெளியே நின்ற நேரம். வாசல் கதவை இழுத்துச் சாத்தினாள், பூட்டினாள், பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள், செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தாள். இதற்குப் பெயர் ஓடிப்போவதா?

யாரோ ஒருத்தனோடு தொடர்பு என்கிறார்களே, அந்த ஒருத்தனை இதுவரை யாராவது கண்ணால் பார்த்தார்களா? பேர் சொல்லட்டும். ஊர் சொல்லட்டும். சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அப்படி ஒருத்தன் பிறக்கவே இல்லை. அவள் வைத்த செய்வினை அவளையே திருப்பி அடித்துவிட்டதாம், அது இன்னொரு பேச்சு. அடிபட்டவளாம்! கொரட்டூரில் ஒற்றை அறை எடுத்துக்கொண்டு, காலையில் ஏரிக்கரையில் நாலு கிலோமீட்டர் நடந்துவிட்டு, முதல் ஷிப்டுக்குச் சரியாகப் போய் நிற்கிறாள். சர்க்கரைகூட இறங்கியிருக்கிறது. நடந்தது என்ன என்று முழுசாகக் கேட்டுவிட்டு, அதற்கப்புறம் வாயைத் திறக்கட்டும்.

நாகவல்லிக்கு நாற்பத்தாறு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் நட்டு, போல்ட்டு செய்கிற ஒரு கம்பெனியில் பத்தொன்பது வருடமாக செக்கிங் பிரிவில் இருக்கிறாள். கையில் கேஜ் என்று ஒரு இரும்புக் கோல் கொடுத்திருப்பார்கள். அதன் ஒரு முனை நட்டுக்குள் போக வேண்டும். மறுமுனை போகக் கூடாது. போக வேண்டியது போகாவிட்டாலும் தப்பு, போகக் கூடாதது போய்விட்டாலும் தப்பு. தப்பானதைச் சிவப்பு ட்ரேயில் போட்டுவிடுவாள். ஒரு நட்டை வேண்டுமானால் மூன்று தடவை திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். ஆனால் சிவப்பு ட்ரேயில் போட்டதைத் திரும்ப எடுக்கிற வழக்கம் அவளிடம் கிடையாது. மனிதர்களிடத்திலும் அவள் அப்படித்தான். தெருக்காரர்களுக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

ஒரே மகள் ஷோபனா கல்யாணமாகி ஓசூருக்குப் போய்விட்டாள். புருஷன் பார்த்தசாரதி லாரி புக்கிங் ஆபீசில் எழுத்து வேலை. நகர் நலச் சங்கத்துக்குச் செகரட்ரி. தெருவிளக்கு எரியவில்லை என்று மனு எழுதினால்கூட அவர் கையெழுத்து இல்லாமல் போகாது. அந்தக் கையெழுத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையே அதில்தான் இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் சர்க்கரை என்று டாக்டர் சொல்லி, தினமும் நடக்கச் சொன்னார். நாகவல்லி கொரட்டூர் ஏரிக்கரையில் நடக்க ஆரம்பித்தாள். ஒரு நாள் செருப்பு வார் அறுந்து, சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து குனிந்தபோது, பெஞ்சுக்கு அடியிலிருந்த இரும்புப் பட்டையில் தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஆயிரம் பேர் உட்கார்ந்து எழுந்த பெஞ்சு. செக்கிங் கண் என்பதால் அவளுக்குத்தான் பட்டது. இழுத்தால் காந்தம். திறந்தால் சுருட்டிய காகிதம், அதில் வரிசையாகப் பெயரும் தேதியும். கூடவே ஒரு சட்டைப் பொத்தான், ஒரு குட்டிக் கார். மூடியின் உள்பக்கம் எழுதியிருந்தது: இது குப்பை இல்லை, தேடும் விளையாட்டு, பெயர் எழுதிவிட்டு இருந்த இடத்திலேயே வையுங்கள்.

பக்கத்து மேஜைக் கார்த்திகாவிடம் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள். கார்த்திகா போனில் தேடிப் பார்த்துவிட்டு, "வல்லிக்கா, இதுக்கு ஜியோகேஷிங்னு பேரு. ஒலகம் பூராவும் ஆடுறாங்க" என்றாள்.

"பரிசு இன்னா தருவாங்க?"

"ஒண்ணும் இல்லக்கா. கண்டுபுடிச்சா கண்டுபுடிச்சது."

அது நாகவல்லிக்குப் பிடித்துப்போயிற்று. யாரோ ஒருவர் எங்கேயோ ஒரு பெட்டியை ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை நம்பரை எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிடுவார். நம்பரைப் போனில் போட்டால் அம்புக்குறி வழிகாட்டும். ஆனால் பத்தடி தூரம் வரைக்கும்தான் போன் கூட்டிப்போகும், அதற்கப்புறம் கண்தான். எடுத்தால் பெயர் எழுத வேண்டும். உள்ளே இருக்கிற பொருளை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் பதிலுக்கு அதற்குச் சமமாகவோ மேலாகவோ ஒன்று வைக்க வேண்டும். விஷயம் தெரியாதவர்கள் கண்ணில் படாமல், இருந்தது இருந்தபடி திரும்ப வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் சட்டம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கிளம்பிவிடுவாள். ஆவடி, பருத்திப்பட்டு ஏரி, திருமுல்லைவாயல், பூந்தமல்லி என்று அவள் குனியாத புதரில்லை. அப்படிக் குனிந்ததைத்தான் எவளோ பார்த்துவிட்டு வந்து, புதர் மறைவில் என்ன வேலை என்று ஆரம்பித்தாள்.

பிறகு தானே ஒன்று வைக்க ஆசைப்பட்டாள். காலியான பெருங்காய டப்பாவை எடுத்து, தண்ணீர் இறங்காமலிருக்கக் கறுப்பு டேப் சுற்றி, தெருக்கோடி வேப்பமரத்து வேர் இடுக்கில் வைத்தாள். ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற மரம் அது. அந்த இடம் வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. அவள் பக்கத்துத் தப்பு என்று ஒன்று உண்டென்றால் இந்த ஒன்றுதான்.

முதலில் தேடவிட்டது யாரைத் தெரியுமா? பார்த்தசாரதியை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனை அவர் கையில் கொடுத்து, "பத்தடி வரைக்கும் இது காட்டும், அப்புறம் உங்க சாமர்த்தியம்" என்றாள். மனுஷன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மரத்தை நாலு சுற்று சுற்றினார். டப்பாவை எடுத்ததும் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். "அடிப்பாவி, பெருங்காய டப்பா காணோம்னு நேத்து தேடுனியே, நடிப்பா?" என்றார். சட்டைப் பையிலிருந்த ஆபீஸ் பேனாவை எடுத்து, நாகவல்லி என்ற பெயருக்குக் கீழே பார்த்தசாரதி என்று கையெழுத்துப் போட்டார். புக்கிங் ஆபீசில் ரத்தான சீட்டில் எழுதுகிற சிவப்புப் பேனா அது. அன்றைக்கு இரண்டு பேரும் அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்துபோய் டீ குடித்துவிட்டு வந்தார்கள். இருபத்தைந்து வருடக் கல்யாணத்தில் அப்படி ஒரு காலை அவளுக்கு வாய்த்தது அது ஒன்றுதான்.

ஒரு வருடத்தில் டப்பாவை நாலைந்து பேர் கண்டுபிடித்தார்கள். கௌதம் என்று ஒருவர். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து அப்பாவோடு வந்த சிம்ரன் என்ற சின்னப் பெண். அவள் ஒரு சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு விரல் நீளப் பிளாஸ்டிக் பொம்மையை வைத்துவிட்டுப் போனாள். பொம்மைக்கு ஒரு கை கிடையாது. கடைசியாகப் பூந்தமல்லியிலிருந்து ஒரு கல்லூரிப் பையன். அவன் பெயர் செல்வகுமார்.

எதிர்வீட்டு ஜெகதாம்பாளின் மகன் பெயரும் செல்வகுமார். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். ஆனி மாதத்தில் அவனுக்குப் பேசிய பெண் வீட்டார் பேச்சை முறித்துக்கொண்டார்கள். அடுத்த வாரமே ஆட்டோ கவிழ்ந்து இடது கை எலும்பு முறிந்தது. ஏன் எனக்கு மட்டும் இப்படி என்று ஜெகதாம்பாள் தெருவில் எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்த நேரம். ஆடிக் கூழுக்கு முன்னால் மரத்தடியைப் பெருக்கினாள். வேர் இடுக்கில் துடைப்பத்தை விட்டுக் குத்தினாள். டப்பா உருண்டு வந்தது.

"ஐயையோ! இன்னாமோ கீதுடா! செல்வம், ஓடியா!"

கட்டுப் போட்ட கையோடு செல்வகுமார் ஓடி வந்தான். தெரு கூடிற்று. மூடியைத் திறந்ததும் பொம்மை விழுந்தது. ஜெகதாம்பாள் அதைத் தொடாமல் துடைப்பத்தால் புரட்டினாள்.

"கைய பாரு. ஒரு கை இல்ல. எம் புள்ள கைய எடுத்துட்டாளுங்களே!"

"இருமா, பேப்பர் ஒண்ணு கீது" என்று செல்வகுமார் படித்தான். "நாகவல்லி... பார்த்தசாரதி, இது மட்டும் செவப்புல எழுதிகீது... கௌதம்... சிம்ரன்..." நிறுத்திவிட்டான்.

"இன்னாடா?"

"எம் பேருமா."

மார்க்கெட்டிலிருந்து கீரைக்கட்டோடு வந்துகொண்டிருந்தாள் நாகவல்லி. டப்பாவைப் பார்த்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "யக்கா, அது நான் வச்சதுதான்." மறைக்கத் தெரியாதவள், என்ன செய்வது? அடுத்து வெளயாட்டு என்றாள், போன் என்றாள், காட்டுறேன் வாங்க என்றாள். ஒன்றும் யார் காதிலும் ஏறவில்லை. வைத்தது நான்தான் என்று அவள் வாயாலேயே சொல்லிவிட்டாளே, அதற்கு மேல் என்ன வேண்டும்?

"கட்டுன புருஷன் பேரையே ரத்தத்துல எழுதிகீறாளே!" என்று ஜெகதாம்பாள் கத்தினாள். "செகரட்ரி சார், பாத்துக்க! உன்னையும் கட்டி வச்சிகீறா!"

நாகவல்லி கூட்டத்தில் புருஷனைத் தேடினாள். பின்வரிசையில் நின்றார்.

"சொல்லுங்களேன். ரத்தமாம். உங்க பேனா. நீங்களே தேடி எடுத்து நீங்களே போட்ட கையெழுத்து. சொல்லுங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தசாரதி காகிதத்தைப் பார்த்தார். சங்கத் தலைவர் பாஸ்கரன் பக்கத்தில் நிற்பதையும் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். "இவ எங்க போறா, எங்க வர்றான்னு எங்கிட்ட சொல்லிகினா போறா?"

டப்பா மேல் சூடத்தைக் குவித்துக் கொளுத்தினார்கள். பெருங்காயமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து எரிகிற நாற்றம் அரை மணி நேரம் தெருவை விட்டுப் போகவில்லை. நாகவல்லி தீயைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தாள். காகிதம் சுருண்டு சிவப்பு எழுத்து கருகியபோது அந்த மனுஷனின் தோள் லேசாகத் தளர்ந்தது. அப்பாடா என்று. அதை அவள் பார்த்துவிட்டாள். அந்த நிமிஷமே அவர் சிவப்பு ட்ரேயில் விழுந்துவிட்டார். அவருக்குத்தான் சத்தம் கேட்கவில்லை.

வீட்டுக்குள் வந்து கேட்டாள். "ஏன் சொல்லல?"

"செகரட்ரியும் பெருங்காய டப்பா தேடிகினு மரத்த சுத்துனான்னு சொல்ல சொல்றியா? சிரிப்பாங்கடி."

"உன்னிய பாத்து சிரிக்கக் கூடாதுன்னு எம் பேர கொளுத்தலாமா?"

"ஒரு வாரத்துல மறந்துடுவாங்க உடு."

கல்யாணமான நாளிலிருந்து நீங்க என்று கூப்பிட்டவள் அன்றைக்கு உன்னிய என்றாள். அவர் அதையும் கவனிக்கவில்லை. அவள் அழவில்லை. கீரையை ஆய்ந்தாள், கடைந்தாள், பரிமாறினாள். இருங்கடி, இருங்கடா, ஒவ்வொருத்தராக வருகிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே மோர் ஊற்றினாள்.

மறப்பார்களா? செவ்வாய்க்கிழமை ஜெகதாம்பாள் உலகநாதன் என்கிற ஆளைக் கூட்டி வந்தாள். செய்வினை எடுக்கிறவராம். நெற்றி கொள்ளாத குங்குமம், கழுத்து கொள்ளாத மணி, ஸ்கூட்டர் முன்னால் எலுமிச்சம்பழ மாலை. தெருவில் முன்னும் பின்னும் நடந்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"எரிச்சது வெறும் காவல். மூலம் மண்ணுக்குள்ள கீது. செப்புத் தகடு. வச்சவ பேரு தகட்டுலயே இருக்கும். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு எடுக்கறேன். வச்சவ ஈரத்துணியோட, தலையில கொடம் தூக்கி, மரத்த மூணு சுத்து சுத்தி, பாதிக்கப்பட்டவங்க கால்ல உழணும்."

சங்கத்தின் சார்பில் பார்த்தசாரதி தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்து அவளிடம் தீர்ப்பையும் சொன்னார். "தகட்டுல உம் பேரு இருந்தா நீ இந்த ஊட்ல இருக்க முடியாது. ஷோபனா ஊட்டுக்குப் போயிடு."

"இல்லாங்காட்டி?"

"இல்லாங்காட்டி பழையபடி இரு. ஆனா ஏரிக்கரை, பொட்டி, போனு, அது எல்லாத்தயும் உட்டுடணும். வேலைக்குப் போ, நேரா ஊட்டுக்கு வா."

பேர் இருந்தாலும் போயிற்று, இல்லாவிட்டாலும் போயிற்று. வருவது ஒன்று கெட்ட பெயர், இல்லையென்றால் காலுக்குக் கட்டு. இதைக் கேட்டுவிட்டு எந்தப் பெண் சும்மா இருப்பாள்? நாகவல்லி, "வெள்ளிக்கிழமை பாத்துக்கலாம்" என்றாள். பணிந்துவிட்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை முதல் ஷிப்ட் முடித்து வந்து, மூன்று மணிக்கு மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். வெயில். தெருவில் நாய்கூட இல்லை. ஜெகதாம்பாள் வீட்டில் டிவி சத்தம். உலகநாதனின் ஸ்கூட்டர் வந்து நின்றது. யாராவது கேட்டால் மண் பார்க்க வந்தேன் என்று சொல்லியிருப்பார், கேட்க யாரும் இல்லை.

இரண்டு வருடமாக ஒளிப்பதும் தேடுவதுமாக இருந்தவளுக்கு ஒளிக்கிறவனின் நடை தெரியாதா? ஒளிக்கிறவன் முதலில் இடத்தைப் பார்க்க மாட்டான், சுற்றுமுற்றும் பார்ப்பான். பிறகு செருப்பைச் சரி செய்வதுபோல் குனிவான். உலகநாதன் துண்டைக் கீழே போட்டார், எடுக்கக் குனிந்தார். ஜெகதாம்பாள் வீட்டு வாசலுக்கு வெளியே, முருங்கை மரத்தடியில். குனிந்தவர் நிமிர இரண்டு நிமிஷம் ஆயிற்று. இடுப்பிலிருந்து மஞ்சள் துணி முடிச்சு வெளியே வந்தது, மண்ணுக்குள் போனது. குதிகாலால் மிதித்து, மேலே ஒரு செங்கல் துண்டை வைத்தார். கொடியில் தொங்கிய புடவையின் மறைவிலிருந்து நாகவல்லி போனில் ஆறு படம் எடுத்தாள். மூன்று மணி பத்து நிமிஷம். முகம், கை, முடிச்சு, குழி எல்லாம் பளிச்சென்று விழுந்திருந்தன.

ஓடிப்போய்க் கூச்சல் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் ஒன்று சொல்வார், இவள் ஒன்று சொல்வாள், தெரு அவர் பக்கம் நிற்கும். கையும் களவுமாக, அவர் கையாலேயே, அவர் சொன்ன நல்ல நேரத்திலேயே எடுக்க வைக்க வேண்டும். அதுதான் பழிக்குப் பழி. அன்று மாலை அவள் இரண்டு வேலையாக வெளியே போனாள். ஒன்று, ஓ.டி.யில் ஜெராக்ஸ் கடையில் படத்தைப் பெரிதாக அச்சடித்தது. மற்றொன்றைக் கடைசியில் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை விடிகாலை, வாசல் தெளிக்கிற நேரம். துடைப்பமும் வாளியுமாக நாகவல்லி எதிர்ப்பக்கம் போனாள். தோசைத் திருப்பியால் இரண்டு கிண்டு கிண்டினாள். முடிச்சு வந்தது, உள்ளே தகடு. ஆணியால் கீறியிருந்தது: நாகவல்லி. அதன் கீழே செல்வகுமார். அதை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு, அந்தக் குழியிலேயே தன்னுடையதை வைத்தாள். இன்னொரு பெருங்காய டப்பா, இன்னொரு கறுப்பு டேப். மண்ணைத் தள்ளி, குதிகாலால் மிதித்து, அதே செங்கல் துண்டை அதே கோணலில் வைத்துவிட்டு வந்து தன் வாசலில் பெரிய கோலமாகப் போட்டாள்.

பத்தரைக்கு உடுக்கை ஒலித்தது. உலகநாதன் தெருவைக் குறுக்கும் நெடுக்கும் ஓடினார், ஆடினார், மூச்சு வாங்கினார், கடைசியில் முருங்கை மரத்தடியில் போய் விழுந்தார். "இங்கதான்! இங்கதான் கூப்புடுது!"

தண்ணீர்க் குடம் தயாராக இருந்தது. எல்லோரும் நாகவல்லியைப் பார்த்தார்கள். அவள் படியில் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். உலகநாதன் கையை மண்ணுக்குள் விட்டார். கை நின்றது. முகம் ஒரு மாதிரி ஆயிற்று. திரும்பவும் துழாவினார்.

"இன்னா சாமி, கெடைக்கலயா?" என்றாள் நாகவல்லி பூவிலிருந்து கண்ணை எடுக்காமல். "நல்லா கைய உட்டு பாருங்க. வச்ச எடந்தானே?"

டப்பா வெளியே வந்தது. அவர் அதை மடியில் மறைக்கப் பார்த்தார். செல்வகுமார் நல்ல கையால் பிடுங்கிவிட்டான். திறந்தான். உள்ளே ஒரு காகிதம், ஒரு படம்.

"படிடா" என்றாள் ஜெகதாம்பாள்.

அவன் படித்தான். "வச்சவர் உலகநாதன், வியாழக்கெழம மத்தியானம் மூணு பத்து. கண்டுபுடிச்சவர் நாகவல்லி, வெள்ளிக்கெழம காலைல அஞ்சரை. எடுத்தது செப்புத் தகடு ஒண்ணு. பதிலுக்கு வச்சது படம் ஒண்ணு." படத்தைப் பிரித்தான். பார்த்தான். அம்மாவிடம் காட்டினான். ஜெகதாம்பாள் படத்தையும் சாமியையும் மாறி மாறிப் பார்த்தாள். படம் கை மாறி மாறித் தெருக்கோடி வரைக்கும் போய் வந்தது.

நாகவல்லி பூவைத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். இடுப்பிலிருந்த தகட்டை எடுத்து ஜெகதாம்பாள் காலடியில் போட்டாள்.

"சாமி ஸ்கூட்டர பாக்குறாரு, செல்வம். சாவிய எடு. வந்த வேலை முடியலயே. வச்சவங்க ஈரத்துணியோட மூணு சுத்து சுத்தணும்னு அவருதானே சொன்னாரு? கொடம் ரெடியா கீது."

"சுத்து சாமி!" என்று பின்னாலிருந்து எவனோ கத்தினான். இத்தனை நாளாக அவளைத் திட்டிய அதே வாய்கள்தான். குடத்துத் தண்ணீரில் பாதியை அவர் தலையில் கொட்டினார்கள், மீதியோடு குடத்தை அவர் தலையில் ஏற்றினார்கள். குங்குமம் கரைந்து மூக்கு வழியாக ஒழுகியது. நாகவல்லி வேப்பமரத்தடியில் நின்று எண்ணினாள். இரண்டாவது சுற்றில் வேர் தடுக்கிக் குடம் சாய்ந்தது.

"அது சேராது" என்றாள். "மொதல்லேர்ந்து."

மொத்தம் ஐந்து சுற்று. இரக்கம் காட்டியிருக்கலாம் என்கிறவர்கள், அந்தத் தகட்டில் தங்கள் பெயரைக் கீறியிருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்துவிட்டுச் சொல்லட்டும்.

அது முடிந்ததும் நாகவல்லி காகிதத்தை ஜெகதாம்பாளிடம் நீட்டினாள். கூடவே புருஷனுடைய அந்தச் சிவப்புப் பேனா.

"நான் எதுக்கு எழுதணும் மே?"

"பொட்டிய எடுத்தவங்க பேரு எழுதணும், அதான் வழக்கம். உங்க வாசல்ல, நீங்க கூட்டியாந்த ஆளு எடுத்தது. எழுதுங்கக்கா. செவப்புதான், ரத்தம் இல்ல. மோந்து பாத்துட்டே எழுதுங்க."

"நாகு, தெரியாம பேசிட்டேன்மே..."

"ஏரிக்கரை பொதருல ஆளு கூட நின்னேன்னு சொன்னீங்களே, அதுவும் தெரியாமதானா?"

"எழுதும்மா" என்றான் செல்வகுமார். அவன் முகம் தொங்கிவிட்டது. ஜெகதாம்பாள் அவன் முதுகில் காகிதத்தை வைத்து, கோணல்மாணலாகத் தன் பெயரை எழுதினாள். நாகவல்லி மை காய ஊதி, மடித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

எல்லாம் இத்தோடு முடிந்திருக்கும் என்றுதான் தெரு நினைத்தது. அப்போது பார்த்தசாரதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. பாஸ்கரன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சொன்னார்.

"எனக்கு அப்பவே தெரியும் தலைவரே. இது சும்மா வெளயாட்டு. நானே தேடி எடுத்து, என் கையாலயே கையெழுத்து போட்டிருக்கேன்!"

நாகவல்லி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். எரிந்தபோது தெரியாத கையெழுத்து இப்போது தெரிகிறது. வீட்டுக்குள் போனாள். திரும்பி வந்தபோது தோளில் ஒரு பை, கையில் ஒரு பெட்டி. செவ்வாய்க்கிழமையே கட்டி வைத்தவை. கதவைச் சாத்தி, புதுப் பூட்டு ஒன்றை மாட்டி அமுக்கினாள். சாவி இல்லாமலேயே பூட்டிக்கொள்கிற கனமான பூட்டு. இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

"இன்னாடி இது? எங்க கெளம்பிட்ட? அதான் உம் பேரு நல்ல பேரா ஆயிடுச்சில்ல?"

"எம் பேர நான்தான் எடுத்தேன். நீ எடுத்துக் குடுக்கல."

"சரி, சாவி எங்க?"

வியாழக்கிழமை மாலை அவள் இரண்டாவது வேலையாகப் போனது அந்தச் சாவியை ஒளித்து வைக்கத்தான். இப்போது ஒரு துண்டுச் சீட்டை அவர் சட்டைப் பையில், சிவப்புப் பேனா இருந்த இடத்தில் வைத்தாள். அதில் நீளமாக இரண்டு நம்பர்.

"கொரட்டூர் ஏரிக்கரைல கீது. நான் எவனையோ பாக்கப் போறேன்னாங்களே, நீயும் ஆமாங்கற மாதிரி நின்னியே, அந்தப் பொதருலதான். நம்பர போன்ல போடு. பத்தடி வரைக்கும் கூட்டிகினு போகும், அப்புறம் உன் சாமர்த்தியம்."

"வெளயாடாத நாகு. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். டப்பாக்குள்ள பேப்பர் கீது. ஏரிக்கரைல நடக்குற அத்தனை பேரு முன்னாடியும் கையெழுத்து போட்டுட்டு சாவிய எடு. பூட்ட ஒடைக்கலாம்னு பாக்காத, செகரட்ரி தன் ஊட்டுப் பூட்டையே ஒடைச்சான்னு அதுக்கும் சிரிப்பாங்க." இரண்டு படி இறங்கினாள், திரும்பினாள். "எடுத்தா பதிலுக்கு அதுக்குச் சமமா ஒண்ணு வைக்கணும், மறந்துடாத. இருபத்தஞ்சு வருஷத்துக்குச் சமமா இன்னா வைப்பேன்னு யோசிச்சிகினே போ."

செருப்பைப் போட்டுக்கொண்டாள். கோலத்தை மிதிக்காமல் தாண்டினாள். தெரு தானாக இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. ஜெகதாம்பாள் வாசலைக் கடக்கும்போது நடையைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. வேப்பமரத்தடியில் ஒரு நிமிஷம் நின்று, சூடம் எரித்த கரியைச் செருப்பால் ஒதுக்கிவிட்டு, மெயின் ரோட்டுப் பக்கம் திரும்பினாள்.

பூட்டிய கதவுக்கு முன்னால் பார்த்தசாரதி போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு எண்ணைத் தப்பாகப் போட்டு, அழித்து, திரும்பப் போட்டார். தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த பாஸ்கரன்தான் சொன்னார்.

"செகரட்ரி சார், அம்பு அந்தாண்ட காட்டுது. நட."